பட்டு பீரோவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும்

கேள்வி: கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். பதினொரு நாள்களுக்கு முன்பு, தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் ஓர் அம்மாவிடமிருந்து ஒன்றரை வயதுப் பெண் பூனை ஒன்றை வாங்கி வந்தோம். கருத்தடை செய்து, காது நுனி வெட்டிய மூவண்ணப் பூனை. எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். பட்டு என்று பெயர் வைத்தோம். வந்த அன்று கூடத்தில் கூடையைத் திறந்ததும் குக்கர் விசில் அடித்தது. பாய்ந்து ஓடிப் படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் புகுந்தவள், இன்று வரை பகலில் வெளியே வரவில்லை. முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. இப்போது இரவில் கொஞ்சம் சாப்பிடுகிறாள். நாங்கள் சைவம். மாமியார் பாலும் தயிர்சாதமும் வைக்கிறார். எட்டு வயது மகள் நேற்று பீரோவுக்குப் பின்னால் கையை விட்டு அவளை இழுத்தபோது கீறிவிட்டாள். பட்டுவுக்கு எங்களைப் பிடிக்கவில்லையா? திரும்பக் கொடுத்துவிடுவதுதான் நல்லதா? சைவமாகவே வளர்க்க முடியுமா? அடுத்த மாதம் நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். உடன் அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதைத் தனியாக உங்களுக்கு எழுதிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே மறுபடியும் சொல்கிறேன். பூனை கீறினாலோ கடித்தாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைத்து அழுத்தக் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தம் வராத சின்னக் கீறலுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி தேவை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ரத்தம் வந்திருந்தால், ஊசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசியைக் கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். 'வெறிநாய்க்கடி' என்று பெயர் இருப்பதாலேயே அது பூனையால் வராது என்று நினைப்பவர்கள் இன்னும் ஏராளம். பட்டு தெருவில் வளர்ந்தவள்; அவளுக்குத் தடுப்பூசி போட்டதற்கான சீட்டு எதுவும் உங்கள் கையில் இல்லை. குழந்தையின் விஷயத்தில் ஊகத்துக்கு இடமே கொடுக்காதீர்கள்.

இனி பட்டுவுக்கு வருவோம். உங்களைப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு உங்களை இன்னும் தெரியவே தெரியாது. பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் அதற்குப் பிறகுதானே!

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்கள். அது தாய்ப் பூனை தானே பார்த்து வைத்த இடத்துக்கு, தன் வாயால் கவ்விக்கொண்டு போகும் மாற்றம். பட்டுவை மாற்றியது மனிதர்கள், அதுவும் மூடிய கூடையில். கூடை திறந்தபோது, அவள் கன்னத்தை உரசி உரசித் தன் வாசனை பூசி வைத்திருந்த சுவரும் இல்லை, படிக்கட்டும் இல்லை, சோறு போட்ட அம்மாவும் இல்லை. பூனைக்கு இடம் என்றால் வாசனைதான். நமக்குக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் மொழி தெரியாத ஊரில் இறக்கிவிட்டால் எப்படி இருக்குமோ, அவளுக்கு அப்படி இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் குக்கர் அலறியிருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று நம் பாட்டிகள் சொன்னது பூனையைக் கூர்ந்து பார்த்துச் சொன்ன உண்மை. ஒருமுறை பட்ட அச்சத்தை அது இடத்தோடும் ஓசையோடும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டி, மனிதரை எளிதில் நம்பும். அந்த நாள்களில் யாரும் தொடாத குட்டி, நம்பக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுக்கும். பட்டு எந்த வகை என்று சோறு வைத்த அம்மாவிடம் கேளுங்கள். அவர் மடியில் ஏறி உட்கார்ந்தவளா, அவர் வைத்துவிட்டு நகர்ந்த பிறகே வந்து சாப்பிட்டவளா? இந்த ஒரு பதில் உங்கள் காத்திருப்பு வாரங்களா மாதங்களா என்று ஓரளவு சொல்லிவிடும்.

அதனால் பீரோவுக்குப் பின்னால் அவள் இருப்பதை ஒரு கோளாறாகப் பார்க்காதீர்கள். அவள் தன்னைத் தானே தேற்றிக்கொள்வது அங்கேதான். நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. 2014இல் வெளியான அந்த ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகள் சில நாள்களிலேயே அமைதியடைந்தன. பெட்டி இல்லாதவற்றுக்கு அதே அமைதி வர இரண்டு வாரம் வரை ஆனது. ஒளிய இடம் கொடுத்தால் பூனை வெளியே வரவே வராது என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிரான உண்மை இது.

ஆகவே பீரோவை நகர்த்தாதீர்கள். டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். துடைப்பக் கட்டையை உள்ளே விடாதீர்கள். யாரும், எந்தக் காரணத்துக்காகவும், கையை விட்டு இழுக்கக் கூடாது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவளுடைய ஒரே பாதுகாப்பான இடமும் பறிபோகிறது. அன்றிலிருந்து மறுபடியும் முதல் நாள். பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். நுழையவும் வெளியேறவும் இரண்டு பக்கமும் வழி வெட்டுங்கள். ஒரே வழி உள்ள பெட்டியைப் பூனை பொறியாகவே நினைக்கும். உள்ளே நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத பருத்திப் புடவை ஒன்றை மடித்துப் போடுங்கள். அது படுக்கையறை என்பது நல்லதாகவே போயிற்று. தூங்குகிற மனிதரைக் கண்டு பூனை அஞ்சுவதில்லை; இரவு முழுவதும் உங்கள் மூச்சும் வாசனையும் அவளுக்குப் பழகிக்கொண்டிருக்கும். இப்போதைக்கு அந்த ஓர் அறைதான் அவள் உலகம். குக்கர், மிக்ஸி ஓடும்போது அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். அச்சமுற்ற பூனையின் விஷயத்தில் உயிர் ஊசலாடுவது அங்கேதான். முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை என்ற வரியைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூனை அப்படியல்ல. சாப்பாடு நின்றதும் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் வந்து படியும். ஈரல் அதைச் சமாளிக்க முடியாமல் செயலிழக்கத் தொடங்கும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். பட்டு தப்பித்தாள். இனி எப்போதாவது ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். இரண்டாவது நாள் வரை காத்திருக்கவே கூடாது.

சைவமாக வளர்க்க முடியுமா? முடியாது. உங்கள் மனம் வருந்தும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பூனை தெரிந்தெடுத்து அசைவம் உண்பதில்லை. அதன் உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. டாரின் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு செய்ய முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை அழியும், இதயத் தசை தளர்ந்து இதயம் பெருத்துவிடும். 1987இல் கலிஃபோர்னியாவில் கால்நடை ஆய்வாளர்கள் இதயம் பெருத்த பூனைகளுக்கு டாரின் கொடுத்துப் பார்த்தபோது, அந்த இதயங்கள் மீண்டும் வலுப்பெற்றன. அதன் பிறகுதான் பூனை உணவு தயாரிப்பவர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். வைட்டமின் ஏ கதையும் இதுதான். கேரட்டில் இருக்கும் மஞ்சள் நிறமியை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்; பூனையால் முடியாது. செயற்கை டாரின் சேர்த்த சைவப் பூனை உணவுகள் வெளிநாடுகளில் விற்பனையாகின்றன. நான் யாருக்கும் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

ஆனால் உங்கள் அடுப்பில் இறைச்சி வேக வேண்டியதில்லை. உலர் உணவும், பாக்கெட்டில் வரும் ஈர உணவும் கடையில் கிடைக்கின்றன. வளர்ந்த பூனைக்கான முழுமையான, சமச்சீரான உணவு என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'துணை உணவு' என்று இருந்தால் அது தின்பண்டம். பூனைக்கென ஒரு தட்டு, ஒரு கரண்டி, பால்கனிப் பக்கம் ஓர் அலமாரித் தட்டு ஒதுக்கிவிட்டால் சமையலறையின் ஆசாரம் அப்படியே இருக்கும். நான் பார்த்த பல சைவ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

பால் விஷயம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. வயிறு உப்பும், பேதியாகும். பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்று பழமொழி சொல்லிச் சொல்லிப் பூனையின் சாப்பாடே பால்தான் என்று நாம் நம்பிவிட்டோம். பூனைக்குப் பாலில் இருக்கும் கொழுப்பின் மணம் பிடிக்கும், குடலுக்குத்தான் ஒத்துவராது. தயிர்சாதம் நஞ்சில்லை. ஆனால் அது வயிற்றை நிரப்பிவிட்டு, வேண்டிய சத்தை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. தாளித்ததில் வெங்காயம் இருந்தால் அது நஞ்சேதான். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

இதைச் சொல்லி உங்கள் மாமியாரின் கையைத் தடுத்துவிடாதீர்கள். பதினொரு நாள்களாக மறக்காமல் அவளுக்குக் கிண்ணம் வைத்தவர் அவர்தான். பட்டுவுக்கு இந்த வீட்டில் முதலில் அறிமுகமாகியிருப்பது அவருடைய காலடி ஓசையாகத்தான் இருக்கும். தொடர்ந்து அவரே வைக்கட்டும். வைக்கும் பொருளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். அந்த அம்மா என்ன போட்டார் என்று கேளுங்கள். மீன் கலந்த சோறு என்றால், அவரிடமே சில நாள்களுக்கு ஒரு சின்ன டப்பாவில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அஞ்சும் பூனை தெரிந்த வாசனையைத்தான் முதலில் வாயில் வைக்கும். அதில் புது உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பத்து நாளில் முழுவதும் புது உணவுக்கு வந்துவிடலாம். ஈர உணவைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்தால் மணக்காது. மணக்காததைப் பூனை உணவாகவே மதிக்காது. கிண்ணத்தைச் சுடுநீரில் சற்று நேரம் நிறுத்தி, வெதுவெதுப்பாக வையுங்கள். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அது தட்டில் கிடக்கக் கூடாது.

அளவு சொல்கிறேன். பட்டுவின் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். உலர் உணவு மட்டும் என்றால் 50 கிராம் அளவு. 85 கிராம் ஈர உணவுப் பாக்கெட் ஒன்று வைத்தால், உலர் உணவில் 20 கிராம் வரை குறைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரே வேளையாகக் கொட்டாமல் நான்கைந்து பங்காகப் பிரியுங்கள். பூனையின் வயிறு எலி அளவுச் சாப்பாட்டுக்கு ஏற்றது. ஓர் எலி 30 கலோரிதான். பெரிய பங்கை இரவு விளக்கணைக்கும் முன்பும், அதிகாலை வீடு விழிக்கும் முன்பும் வையுங்கள். அவள் துணிந்து நடமாடும் வேளைகள் அவை.

தட்டு அகலமாக, மீசை விளிம்பில் உரசாதபடி இருக்கட்டும். இப்போது பீரோவை ஒட்டி, அவள் உடம்பின் பாதி மறைவில் இருக்கும்போதே சாப்பிடும்படி வையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து தட்டு காலியானால், ஒரு சாண் வெளியே நகர்த்துங்கள். மறுபடி மூன்று நாள், மறுபடி ஒரு சாண். ஒரு வேளை தொடாமல் விட்டால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். இரண்டு சாண் பின்னால் வையுங்கள். எத்தனை சாண் என்பதை முடிவு செய்ய வேண்டியவள் பட்டுதான்.

தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பாலைவனத்து முன்னோர்களின் வழியில் வந்த பூனை, தாகத்தை அதிகம் காட்டாது, குறைவாகவே குடிக்கும். அறையின் இன்னொரு மூலையில் அகலமான மண்சட்டியில் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். மணல் தொட்டி மூன்றாவது மூலையில். தெருவில் மண்ணைத் தோண்டிப் பழகியவளுக்குக் கடையில் விற்கும் வாசனை மணல் அந்நியம். தோட்ட மண்ணையோ ஆற்று மணலையோ மூன்று விரல் ஆழத்துக்குப் போட்டுத் தொடங்குங்கள். கடை மணலைப் பிறகு கலந்துகொள்ளலாம்.

தொட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். அந்த அறையைப் பினாயில் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். பினாயில் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கியே நஞ்சேறும். அதே காரணத்தால்தான் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் போலிருக்கிறது என்று யாராவது அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிட்டு, நாக்கு நீலம் பாரித்த பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதை என் தொழிலில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவ்வளவும் அன்பினால் செய்தது. பீரோவுக்குள் அந்துருண்டை போட்டிருந்தால் அதையும் இன்றே எடுத்துவிடுங்கள். அதன் ஆவியைப் பகல் முழுவதும் முகர்ந்துகொண்டு படுத்திருப்பவள் பட்டு.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இழுக்காதே, தொடாதே என்று மட்டும் சொன்னால் குழந்தை வாடிவிடும். மாலையில் கால் மணி நேரம், பீரோவிலிருந்து நான்கடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, பட்டுவைப் பார்க்காமல், தன் பாடத்தை மெதுவான குரலில் வாசிக்கட்டும். முடிந்ததும் இரண்டு உருண்டை உலர் உணவைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். எப்போதாவது இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தால், உற்றுப் பார்க்கக் கூடாது. பூனைகளிடையே உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது. கண்ணை மெல்லச் சுருக்கி, மெல்ல மூடித் திறக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண்மூடித் திறந்த மனிதரைப் பார்த்துப் பூனைகளும் பதிலுக்குக் கண்மூடித் திறந்தன. முன்பின் தெரியாதவர் செய்தபோதும் அவரை நெருங்கி வந்தன. பிறகு ஒரு நாள் அவளே வந்து விரலை முகர்வாள். அப்போதும் கன்னம், தாடை இரண்டை மட்டும் தொடலாம். வயிறு வேண்டாம். வால் சுண்டத் தொடங்கினால் கையை எடுத்துவிட வேண்டும்.

திரும்பக் கொடுப்பதைப் பற்றி. பதினொரு நாள் மிகக் குறைவு. என்னிடம் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வீட்டில், ஒரு சாம்பல் பூனை பரணை விட்டு முப்பத்தாறு நாள் இறங்கவில்லை. அவர் தினமும் காலையில் பரணுக்குக் கீழே நாற்காலி போட்டு நாளிதழ் படித்தார், வேறொன்றும் செய்யவில்லை. நாள்காட்டியில் மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார்: எவ்வளவு சாப்பிட்டது, மணலில் எத்தனை ஈரக்கட்டி. முப்பத்தேழாவது நாள் அது இறங்கிவந்து அவர் காலடியில் விழுந்திருந்த தாள் மேல் உட்கார்ந்தது. அவர் அந்த நாள்காட்டியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நீங்களும் அதுபோல் குறித்து வையுங்கள். சாப்பிட்ட அளவு ஏறிக்கொண்டே வந்தால், அவள் முகம் காட்டாவிட்டாலும் தேறுகிறாள் என்று பொருள். மூன்று மாதம் அவளுக்குக் கொடுங்கள். மறுபடியும் ஒரு கூடை, மறுபடியும் ஒரு வீடு என்பது அவளுக்கு இப்போது நேரக்கூடிய கொடுமையிலெல்லாம் கொடுமை.

ஒரு நாள் முழுவதும் மணல் நனையாமல் இருந்தாலோ, தொட்டியில் உட்கார்ந்து முக்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு மஞ்சளாகத் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தும்மலும் கண்ணில் நீரும் வந்தால், உடம்பில் அடங்கிக் கிடந்த பழைய வைரஸ் மன அழுத்தத்தால் தலைதூக்கியிருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள். நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் மேல்பக்கம் திறக்கும் கூடையில், துண்டு போர்த்தி அழைத்துப்போய், வெறிநோய்த் தடுப்பூசியும் பூனைகளுக்கான மூன்று நோய்த் தடுப்பூசியும் போட்டு, குடற்புழு மருந்தும் கொடுத்துவிட வேண்டும். கூடையை அதற்கு முந்தைய நாள் திடீரென்று வெளியே எடுக்காதீர்கள். இன்றிலிருந்தே அறையில் திறந்து கிடக்கட்டும். உள்ளே எப்போதாவது ஒரு துண்டு உணவும் இருக்கட்டும். பால்கனிக்கு வலை அடிக்காமல் அந்த அறைக் கதவைத் திறந்துவிடவும் வேண்டாம்.

ஊருக்கு அவளை அழைத்துப் போகாதீர்கள். நான்கு நாளும் அவள் அதே அறையில், அதே பீரோவுக்குப் பின்னால் இருக்கட்டும். காலையும் மாலையும் வந்து போக ஒருவர் வேண்டும். அதற்கு அந்தச் சோறு வைத்த அம்மாவைவிடப் பொருத்தமானவர் யார்? அவர் குரலைக் கேட்டால் பட்டு உங்களுக்கு முன்பாக அவருக்காகவே வெளியே வந்துவிடக்கூடும். அதற்காக மனம் சுருங்காதீர்கள். நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவரை ஒருமுறை வீட்டுக்கு வரவழைத்து, தட்டு இப்போது எந்தச் சாணில் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடுங்கள்.